மணி அடித்த பிறகு மிஞ்சிய கேள்விச் சீட்டுகள்

பெங்களூரு அல்சூர் பக்கம் தமிழர்கள் நடத்தும் ஒரு சேவைச் சங்கத்தின் வாராந்தரக் கூட்டத்தில் குடும்பச் சொத்தும் சட்டமும் பற்றிப் பேச வக்கீலான என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சங்கக் கூட்டத்தில் நேரம் என்றால் நேரம்தான். தலைவர் மணி அடித்தால் பேச்சாளர் உட்கார வேண்டும், அப்புறம் சாப்பாடு. உறுப்பினர்களும் அவர்கள் அழைத்து வந்தவர்களும் எழுதிக் கொடுத்த சீட்டுகளில் பாதிக்கு மேல் என் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன். பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் சொல்கிற பதில்கள் இவை, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே.ஆர். புரத்திலிருந்து ஒருவர்: 3 வருட லீஸுக்கு 15 லட்சம் கொடுத்துக் குடியிருக்கிறோம். போன வாரம் வங்கிக்காரர்கள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் போனை எடுப்பதில்லை. என்ன செய்வது?

நம் ஆட்களுக்கு இந்த லீஸ் மேல் ஒரு தனி ஆசை. மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் முழுசாகத் திரும்பி வரும் என்று கணக்கு. வீட்டுக்காரர் நாணயமாக இருக்கும்வரை கணக்கு சரி. அவர் உங்கள் பணத்தை எடுத்து வேறு கடனை அடைத்திருந்தால், உங்களுக்குத் திருப்பித் தர அடுத்த லீஸ்காரர் வந்தாக வேண்டும்.

முதலில் நோட்டீஸை முழுசாகப் படியுங்கள். கடன் கட்டாதவர் அடமானம் வைத்த சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி முதலில் கடன் வாங்கியவருக்கு 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டைச் சுவாதீனம் எடுக்கும் நோட்டீஸ் வரும். உங்கள் கதவில் இருப்பது இந்த இரண்டாவது வகை என்றால், கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போட உங்களுக்கு இருப்பது 45 நாள்தான். குடியிருப்பவரும் அங்கே போகலாம், 2016 திருத்தத்தில் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள்.

அங்கே முக்கியமாகக் கேட்பது, அடமானம் முந்தியா, உங்கள் லீஸ் முந்தியா என்பதுதான். அடமானத்துக்குப் பிறகு, வங்கியின் சம்மதம் இல்லாமல் போட்ட லீஸ் நிற்பது கஷ்டம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஓராண்டுக்கு மேல் போகும் குத்தகையைப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். ஊரெல்லாம் 11 மாத ஒப்பந்தம் போடுவது அதிலிருந்து நழுவத்தான். நீங்கள் 3 வருடத்துக்கு முத்திரைத் தாளில் எழுதி நோட்டரியிடம் சீல் வாங்கியிருந்தால் அது பதிவு ஆகாது. எத்தனையோ பேர் ஆகும் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

15 லட்சத்தை வங்கியிடம் கேட்க முடியாது, வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். பணம் கணக்கு மூலம் போயிருந்தால் சிவில் வழக்குக்கு ஆதாரம் கையில் இருக்கிறது. அடமானத்தை மறைத்து உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் போலீஸில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். ஆனால் தீர்ப்பாயத்தின் 45 நாளைக் கோட்டை விட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருக்காதீர்கள்.

இனிமேல் லீஸுக்குப் போகிறவர்கள் மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், நகலைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். "லாக்கரில் இருக்கிறது", "ஊரில் அப்பாவிடம் இருக்கிறது" என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டால் அது வங்கியில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றை மட்டும் நம்ப முடியாது. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் சில சமயம் அதில் ஏறியிருக்காது. செர்சாய் என்ற மத்திய அடமானப் பதிவேட்டில் சின்னக் கட்டணம் கட்டி யாரும் தேடிப் பார்க்கலாம்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு அம்மா: எனக்கு 1985-இல் கல்யாணம் ஆயிற்று. திருப்பத்தூர் பக்கம் எங்கள் தாத்தா காலத்து நிலம். அப்பா 2010-இல் போய்விட்டார். 1998-லேயே வாய்மொழியாகப் பாகம் பிரித்தாயிற்று, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு இல்லை என்கிறார்கள் அண்ணன்கள். உண்மையா?

அம்மா, அண்ணன்கள் பழைய சட்டத்தை வைத்துப் பேசுகிறார்கள். தமிழ்நாடு 1989-லேயே பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. உங்களைப் போன்றவர்கள் அப்படித்தான் வெளியே நின்றார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. கல்யாணம் எப்போது ஆனால் என்ன, மகனுக்கு உள்ள உரிமை மகளுக்கும் உண்டு. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது: 2005-இன் அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் அப்பா இருந்தார், ஆகவே அந்தச் சண்டையே உங்களுக்கு வேண்டாம்.

வாய்மொழிப் பாகம் என்ற வாதத்துக்கும் அதே தீர்ப்பில் பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான பாகப் பத்திரமோ நீதிமன்ற ஆணையோ இருந்தால் அதைக் கலைக்க முடியாது. வெறும் வாய்மொழி என்றால் சாதாரணமாக ஏற்க மாட்டார்கள். பழைய அரசு ஆவணங்களும் அதையே காட்டினால்தான், அதுவும் அபூர்வமாக. 1998-க்குப் பிறகு அண்ணன்கள் தனித்தனிப் பட்டா வாங்கினார்களா, தனித்தனியாக விற்றார்களா, கடன் வாங்கினார்களா என்று பாருங்கள். பட்டா, சிட்டா, வில்லங்கம் மூன்றையும் பெங்களூரில் உட்கார்ந்தபடியே இணையத்தில் எடுக்கலாம். பட்டாவில் பெயர் இருப்பதால் மட்டும் அவர்கள் முழு உரிமையாளர் ஆகிவிடவில்லை.

நிலம் உண்மையில் தாத்தாவுடையதா, அப்பா சொந்தமாக வாங்கியதா என்பதையும் பாருங்கள். அப்பா வாங்கியது என்றால் அவர் உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். உயில் இல்லை என்றால் அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு.

வழக்கை நிலம் இருக்கிற ஊரில்தான் போட வேண்டும். இங்கே சிட்டி சிவில் கோர்ட்டில் போட்டால் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு முன்னால் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் போனால் அண்ணன் தங்கை பேச்சு நின்றுவிடும் என்று பயப்படுகிறீர்கள், சீட்டின் பின்பக்கம் எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயம்தான், அதற்குச் சட்டத்தில் மருந்து கிடையாது. அண்ணன்கள் நிலத்தை விற்கப் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

உறுப்பினர் ஒருவர்: உயிலை முத்திரைத் தாளில் எழுத வேண்டுமா? பதிவு கட்டாயமா?

இரண்டும் இல்லை. வெள்ளைத் தாள் போதும். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சொத்தில் பங்கு வாங்கப்போகிறவரைச் சாட்சியாக்காதீர்கள், பின்னால் கேள்வி வரும். உங்களைவிட இளையவர்களைச் சாட்சி வையுங்கள். எண்பது வயதுக்காரருக்கு எண்பது வயதுச் சாட்சி என்றால் உயிலை நிரூபிக்க ஆள் இருக்க மாட்டார். பதிவு செய்தால் நல்லது, அவ்வளவுதான்.

ஜீவன்பீமா நகரிலிருந்து: வங்கியில் மனைவியை நாமினி போட்டிருக்கிறேன். அப்புறம் உயில் எதற்கு?

நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள். வாங்கிய பணம் வாரிசுகளுடையது. காப்பீட்டுப் பணத்தில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் இப்படிச் சொல்லிவிட்டது (2015 திருத்தத்துக்குப் பிறகு காப்பீட்டில் மட்டும் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினி என்றால் விதி வேறு), பங்குகளில் 2023 டிசம்பரில் மறுபடி சொன்னது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். இதைப் படித்துவிட்டுச் சிலர் உயிலையே தேவையில்லை என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மனைவிக்கே முழுதும் போக வேண்டும் என்றால் அதை உயிலில் எழுதுங்கள்.

மர்பி டவுனிலிருந்து, 74 வயது: வீட்டை மகன் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். இப்போது மருமகளும் அவனும் மாடி அறைக்கு அனுப்பிவிட்டார்கள், மருந்துக்குக்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. திருப்பி வாங்க முடியுமா?

ஐயா, முடியலாம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. "நிபந்தனையோடு" என்ற இடத்தில்தான் பல மனுக்கள் விழுகின்றன. வழக்கமாகப் பத்திரம் எழுதுகிறவர் "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவார். 2022-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் கொஞ்சம் தாராளமாகப் பார்த்தது. அங்கே மகன் அதே நாளில் தனித் தாளில் பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தார், அம்மாவுக்கு வீடு திரும்பியது. உங்கள் மகனோ மருமகளோ அப்படி எங்காவது எழுதியிருக்கிறார்களா, வாட்ஸ்அப்பில் இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள்.

பத்திரம் கைகொடுக்காவிட்டாலும் பராமரிப்புத் தொகை கேட்கலாம். சட்டம் வைத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். இந்தக் காலத்து பெங்களூருக்கு அது மருந்துக்கடை பில்லுக்கே சரியாகப் போகும், மாற்ற வேண்டிய வரம்பு. மனுவை உதவி ஆணையரிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் தீர்ப்பாயம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. என் பிழைப்புக்கு நஷ்டம்தான், ஆனால் நல்ல ஏற்பாடு. உங்களால் அலைய முடியாவிட்டால் நீங்கள் அதிகாரம் கொடுத்த ஒருவரோ பதிவு பெற்ற ஒரு சங்கமோ உங்களுக்காகப் போகலாம். உடனடி உதவிக்கு 14567.

இன்னும் பத்திரம் எழுதாதவர்கள் உயிரோடு இருக்கும்போது வீட்டை மாற்றிக் கொடுக்காதீர்கள், உயில் எழுதுங்கள். உயிலை நாளைக்கே மாற்றி எழுதலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வாழ்நாள் முழுவதும் குடியிருக்கும் உரிமை உங்களுக்கு என்றும், பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து என்றும் பத்திரத்திலேயே எழுதுங்கள். மகன் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்.

ஒரு இளம் உறுப்பினர்: சேவைச் சங்கங்களுக்கும் வக்கீல்களுக்கும் என்ன அப்படி ஓர் உறவு?

முதல் சங்கத்தையே ஆரம்பித்தவர் வக்கீல், தம்பி. 1905 பிப்ரவரியில் சிகாகோவில் ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸ் வழக்கறிஞர்தான். ஆளுக்கு ஒரு வாரம் என்று அலுவலகம் அலுவலகமாகச் சுழற்சியில் கூடினார்கள், பெயர் அதிலிருந்து வந்தது. வாரம் தவறாமல் கூடும் கட்டாயத்தை 2016-இல் தளர்த்தி, மாதம் இரண்டு தடவை கூடினாலும் போதும் என்று ஆக்கினார்கள். உங்கள் சங்கம் வாராவாரமே கூடுவது சாப்பாட்டுக்காகவோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பிரேசர் டவுனிலிருந்து: நண்பருக்குக் கொடுத்த 2 லட்சத்துக்கு வந்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்கிறார். பொறுக்கலாமா?

பொறுங்கள், ஆனால் நாளை எண்ணிக்கொண்டு பொறுங்கள். செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ். அது கிடைத்து 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். 30 நாள் தாண்டிவிட்டது என்றால், செக் தேதியிலிருந்து மூன்று மாதம் முடிவதற்குள் மறுபடி ஒரு தடவை வங்கியில் போடுங்கள். திரும்பினால் புதிதாகக் கணக்கு ஆரம்பிக்கும்.

ஒரு உறுப்பினரின் மனைவி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண், வேறொரு வீட்டிலும் வேலை பார்க்கிறாள். அங்கே நகை காணோம் என்று சாயங்காலம் 7 மணிக்கு அவளை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்களாம். போகத்தான் வேண்டுமா?

சாட்சியாக விசாரிக்க என்றால் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது, அவள் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 179-ஆம் பிரிவு. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்த பையன்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. அவளைச் சந்தேகப்படுகிறார்கள் என்றால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. மிக அவசியமானால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு செய்யலாம். இதையெல்லாம் அவளே சொன்னால் காதில் வாங்க மாட்டார்கள். நீங்கள் கூடப் போய் நில்லுங்கள்.

ஓய்வு பெற்ற அதிகாரி: வீடியோ காலில் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டினால்?

அவர்கள் போலீஸ் வேஷம் போட்ட மோசடிக்காரர்கள், போனை வையுங்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் காலை வரை காத்திருந்தால் அதற்குள் பணம் பல கணக்கு தாண்டியிருக்கும்.

செயலாளர்: நம் சங்கம் சட்ட உதவி முகாம் நடத்தினால் நீங்கள் வருவீர்களா?

வருவேன். ஆனால் நான்கு வக்கீல்களை மேடையில் உட்கார வைத்து சால்வை போடும் முகாம் என்றால் வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதி அவர்களோடு சேர்ந்து நடத்துங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அவர்களிடம் சட்ட உதவிக்கான 15100 என்ற போன் எண்ணைக் கொண்டு சேர்த்தாலே முகாம் பாதி நடந்த மாதிரி.

நிலுவையில் உள்ள சின்ன வழக்குகளைச் சமரசமாகத் தீர்க்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்துக்கு அனுப்பலாம். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் அன்றைக்கே முடியும், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கன்னடம் எழுதத் தெரிந்த நான்கைந்து இளைஞர்களைப் பிடித்து வையுங்கள். இங்கே தாலுகா அலுவலகத்தில் நம் பெரியவர்கள் திணறுவது பெரும்பாலும் மனு எழுதத் தெரியாமல்தான். முகாமுக்கு வருகிறவர்கள் பத்திர நகல் கொண்டுவந்தால் போதும் என்று நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள். மூலப் பத்திரத்தைக் கூட்டத்தில் தொலைத்தால் அதற்கென்று இன்னொரு முகாம் போட வேண்டி வரும்.