பேத்தி எந்த இனம்?

கேள்வி: என் மகன் கனடாவில் கிறீ பூர்வகுடிப் பெண்ணை மணந்திருக்கிறான். ஏழு வயதுப் பேத்தி நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாள். "பிள்ளை என்ன இனம்?" என்று சனம் கேட்டால் என்ன சொல்வது? தமிழ்ப்பிள்ளையாக வளர்த்தால் தாய்வழி உரிமை போய்விடுமா?
- கொக்குவிலிலிருந்து ஓர் அப்பம்மா

பதில்: போகாது அம்மா. அந்த உரிமை கனடா அரசின் பூர்வகுடிப் பதிவோடு வருவது. அந்தப் பதிவு பெற்றோரின் பதிவை வைத்துத்தான் கிடைக்கிறது. பிள்ளை எந்த மொழி பேசுகிறாள், எந்தக் கோயிலுக்குப் போகிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பதிவுள்ள பெண் பதிவில்லாதவரை மணந்தால் அவளுடைய பதிவே போய்விடும் என்றிருந்த சட்டத்தை 1985இல் திருத்தினார்கள். ஆனால் அந்தத் திருத்தத்தோடு பதிவில் 6(1), 6(2) என்று இரண்டு பிரிவுகள் வந்தன. மருமகள் 6(1) என்றால் பேத்திக்கு 6(2) கிடைக்கும். மருமகளே 6(2) என்றால், உங்கள் மகனுக்குப் பதிவு இல்லாதபடியால் பேத்திக்குக் கிடைக்காது. மகனிடம் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான். அப்புறம், தங்கள் உறுப்பினர் யார் என்பதைத் தாங்களே தீர்மானிக்கும் குடிகளும் உண்டு. அதையும் மருமகளிடம் விசாரிக்கலாம்.

சனத்துக்கு "தமிழும் கிறீயும்" என்று சொன்னால் போதும். கனடாக் குடிசன மதிப்பீட்டிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட பூர்வீகங்களை எழுதலாம். எங்கள் படிவங்களில் இனத்துக்கு ஒரே பதில் எழுதிப் பழகியதால்தான் இங்கே இந்தக் கேள்வி இவ்வளவு எழும்புகிறது. "அரைவாசித் தமிழ்" என்று யாராவது சொன்னால் பிள்ளைக்கு முன்னாலேயே மறுத்துவிடுங்கள். "செவ்விந்தியர்" என்ற பழைய கதைப்புத்தகச் சொல்லும் வேண்டாம். கிறீ வீடுகளில் பாட்டியைக் "கூக்கும்" என்பார்கள். "உன் கூக்கும் சுகமாக இருக்கிறாவா?" என்று நீங்களே கேட்டால், அந்தப் பக்கத்தை இங்கே ஒளிக்கத் தேவையில்லை என்று அவளுக்கு விளங்கிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று: சந்நிதியில் பேத்திக்கு மொட்டை அடிப்பதாக நேர்த்தி ஏதும் வைத்திருக்கிறீர்களா? மருமகளைக் கேட்காமல் செய்யாதீர்கள். கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பாடசாலைகளில் சேர்த்தபோது, முதல் வேலையாக அவர்களின் பின்னலை வெட்டினார்கள். தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். 1990கள் வரை இப்படிப் பாடசாலைகள் இருந்தன. எங்களுக்கு முடி கொடுப்பது நேர்த்தி. அந்த வீட்டில் அதற்கு வேறு நினைவு இருக்கலாம். தலை இழுத்துப் பின்னிப் பூ வைக்க ஆசையென்றாலும் பிள்ளையிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுச் சீப்பை எடுங்கள். முடியை யார் தொடலாம் என்பதற்கே சில குடும்பங்களில் முறை உண்டு.