கேள்வி பதில்: வங்கி மண்டபத்தில் பீர் விற்கலாமா?

கேள்வி: லண்டன் ஃப்ளீட் தெருவில் ‘ஓல்டு பேங்க் ஆஃப் இங்கிலாந்து’ என்ற பப்புக்கு நண்பர் அழைத்துப்போனார். அரண்மனை மாதிரி இருந்தது. விக்டோரியா காலத்து வங்கியைப் போய்க் குடிப்பகமாக்க எப்படி மனசு வந்தது?
– வாசகர், குரோய்டன்

பதில்: நான் குடிப்பவனில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போனால் ஒரு ஆரஞ்சு ஜூஸை வாங்கிக்கொண்டு, அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி நிற்பேன். பப் ஆனதால்தான் அந்தக் கூரை தப்பித்தது என்பது என் கட்சி.

1882-ல் பக்கத்தில் ராயல் கோர்ட்ஸ் நீதிமன்றம் திறந்தது. நீதிமன்றப் பணத்தைக் கவனிக்க இங்கிலாந்து வங்கிக்கு அருகிலேயே ஒரு கிளை வேண்டியிருந்தது. வங்கியின் கட்டடக்கலைஞர் ஆர்தர் பிளோம்ஃபீல்ட் 1886–88-ல் கட்டிக்கொடுத்தார். (தாமஸ் ஹார்டி நாவலாசிரியர் ஆகும் முன் இவரிடம்தான் உதவியாளராக இருந்தார்.) பிளோம்ஃபீல்ட் பெரும்பாலும் தேவாலயம் கட்டியவர், இங்கே இத்தாலிய அரண்மனைப் பாணிக்குத் தாவினார். காரணம் இருக்கிறது. பேரேடு எழுதுகிற குமாஸ்தாவுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், அதனால் நெடிய ஜன்னல்கள். பணம் போட வருபவருக்கு ‘இவன் ஓடிப்போக மாட்டான்’ என்ற நம்பிக்கை வரவேண்டும், அதற்குத்தான் அந்த உயரம், தூண், பூவேலைக் கூரை எல்லாம். தங்கம் இருந்தது கீழே, நிலவறைப் பெட்டகங்களில்.

1975-ல் வங்கி வெளியேறியது. அப்புறம் அதை அலுவலகங்களாகப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நடுவில் ஒரு தளம் போட்டு, குறுக்கே சுவர் எழுப்பி, கூரையைப் பலகையால் மூடியிருப்பார்கள். பப்புக்கோ வேண்டியது ஒரே பெரிய கூடம். 1990-களில் வந்தவர்கள் கவுண்டரை நடுவில் தீவு மாதிரி போட்டார்கள், சுவர்கள் பிழைத்தன. இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம் என்பதால் அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றுவது குற்றமும்கூட. சரவிளக்குகள் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஓவராகத்தான் படுகின்றன.

சரி, ‘எப்படி மனசு வந்தது’ என்கிறீர்கள். அந்த மனையில் முன்பு இருந்ததே ‘காக்’ என்ற பழைய மதுக்கடைதான். வங்கி வந்தபோது அதுதான் இடம்பெயர்ந்து தெருவின் எதிர்ப்பக்கம் போனது. அடுத்த முறை போனால் அதையும் பாருங்கள், ஒடுங்கலான முகப்பு, கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள்.