விழிப்புக்கான மாத்திரை – கடிதம்

அன்புள்ள ஐயா,

தலைக்காயத்துக்குப் பின் உங்கள் தம்பி தேறிவந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து வாசித்தேன். என் கணவர் பைக்கிலிருந்து விழுந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. கண் திறக்கிறார், சில நேரம் என் முகத்தைப் பார்வையால் தொடர்கிறார். பேச்சு இல்லை, சொன்னதைச் செய்வதும் இல்லை. போன வாரம் மருத்துவர் அமண்டடின் என்ற மாத்திரையைத் தொடங்கினார். அது கை நடுக்கத்துக்கான மாத்திரை என்று மருந்துக்கடையில் சொன்னதிலிருந்து மாமனார் அதை நிறுத்தச் சொல்கிறார். இன்னோர் உறவினர், நகையை அடகு வைத்தாவது மூளையை வளர்க்கும் ஊசியாகிய சிட்டிகோலினைப் போடச் சொல்கிறார். ஃபிட்ஸ் மாத்திரையும் இரவில் தூக்க மாத்திரையும் ஏற்கெனவே போகின்றன. எதை நம்புவது?

ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவன் அல்லன். எந்த மாத்திரையைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பது உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது. ஆனால் இதே கேள்விகளோடு ஒரு வருடத்துக்கு மேல் தம்பியின் கட்டிலருகே இருந்தவன் என்ற முறையில், அப்போது தேடித் தெரிந்துகொண்டதையும் பிறகு வாசித்ததையும் உங்களுக்குச் சொல்ல முடியும்.

மருந்துக்கடைக்காரர் சொன்னது தவறில்லை. அமண்டடின் முதலில் இன்புளூயன்சா காய்ச்சலைத் தடுக்க வந்த மருந்து. 1968-இல் அமெரிக்காவில் நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) உள்ள ஒரு பெண், காய்ச்சல் வராமலிருக்க அதைச் சாப்பிட்டபோது தன் உடல் இறுக்கமும் நடுக்கமும் குறைந்ததாக மருத்துவரிடம் சொன்னார். அதிலிருந்து அது நடுக்குவாதத்துக்கும் மருந்தாயிற்று. டோபமின் என்னும் மூளை இரசாயனத்தின் வேலையை அது கூட்டுகிறது. விழித்திருப்பதற்கும், ஒன்றைச் செய்யவேண்டும் என்ற உந்துதல் எழுவதற்கும் டோபமின் தேவை. தலை வேகமாகத் திருகி அடிபடும்போது அறுபடும் நீண்ட நரம்பிழைகளில் அதை ஏந்திச் செல்பவையும் உண்டு என்பதால்தான், உங்கள் கணவரின் நிலையில் இருப்பவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

இது ஊகத்தோடு நின்றுவிடவில்லை. அடிபட்டு 4 முதல் 16 வாரங்கள் ஆகியும் தெளிவான நினைவு திரும்பாத 184 பேரிடம், மூன்று நாடுகளில், நான்கு வாரங்கள் நடத்திய ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களைவிட அமண்டடின் பெற்றவர்கள் அந்த நான்கு வாரங்களில் வேகமாகத் தேறினார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகு அவர்களுடைய வேகம் தணிந்தது. இரண்டு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். ‘அப்படியானால் என்ன பயன்?’ என்று நானும் கேட்டிருக்கிறேன். நம் ஊரில் அந்த வேகத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்று இப்போது நினைக்கிறேன். ‘முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற சொல் வருவதற்குள் ஒருவர் ஒரு விரலையாவது சொன்னபடி தூக்கிவிட்டால், அவருக்குக் கிடைக்கும் பிசியோதெரபியின் நாட்கள் நீள்கின்றன. குடும்பத்தின் தெம்பும் கரையாமல் இருக்கிறது. அந்த ஆய்வில் இருந்த அனைவருக்கும் மறுவாழ்வுப் பயிற்சி சேர்த்தே கொடுக்கப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம். மாத்திரை கொடுப்பது கூடுதலான விழிப்பை மட்டுமே. அந்த நேரத்தில் அவரோடு என்ன செய்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

தம்பிக்குப் பத்தாவது வாரத்தில் இதைத் தொடங்கினார்கள். தினமும் காலை பத்து மணிக்கு அம்மா அவன் கையில் ஒரு சீப்பைக் கொடுப்பாள். முதலில் விரல்கள் அதைச் சுற்றி மூடவே இல்லை. பிறகு மூடின, ஆனால் சீப்பு வாய்க்குப் போயிற்று. ஒருநாள் அதைக் காதோரம் கொண்டுபோய், பற்கள் வெளிப்பக்கம் இருக்க, முதுகுப்பக்கத்தால் மூன்று முறை வாரினான். நினைவு திரும்பியதா என்று பார்ப்பதற்கு மருத்துவர்கள் இதைத்தான் அளவுகோலாகக் கொள்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது: இரண்டு பொருள்களை அவற்றுக்குரிய வேலைக்குப் பயன்படுத்த வேண்டும், அல்லது கேட்டதற்கு ஆம், இல்லை என்று பிசகாமல் காட்ட வேண்டும். அது மாத்திரையாலா, காலத்தாலா, அம்மாவின் சீப்பாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது, நீங்கள் கடைசி வரியில் சொல்லியிருக்கும் தூக்க மாத்திரை. தம்பி ஐசியுவில் கைகால்களை உதறியதால் தொடங்கிய ஒரு மயக்க மருந்து, அவன் அமைதியான பிறகும் ஐந்து வாரங்கள் சீட்டில் தொடர்ந்தது. வார்டு மாறியபோதும் அப்படியே படியெடுத்து எழுதினார்கள்; ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. மயக்கம் தரும் சில மருந்துகள் மூளை தேறுவதைத் தாமதப்படுத்தக்கூடும். ஆகவே, சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்தையும் சுட்டி, இது எதற்காக, எதுவரை என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஃபிட்ஸ் மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள். ஃபிட்ஸ் வராதவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வாரத்துக்கு மட்டும் கொடுப்பது வழக்கம், வந்தவர்களுக்கு நெடுநாள் தேவைப்படும். ஆனால் ஃபிட்ஸ் மாத்திரையையோ தூக்க மாத்திரையையோ நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் ஃபிட்ஸ் வரும் ஆபத்து உண்டு.

சிட்டிகோலினுக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். தலைக்காயம் பட்ட 1,213 பேருக்கு 90 நாட்கள் வரை கொடுத்து நடந்த ஆய்வும் 2012-இல்தான் வெளியானது. போலி மருந்தைவிட அது எந்த நன்மையும் செய்யவில்லை. அந்தப் பணத்தில் பிசியோதெரபி செய்பவரை வீட்டுக்கே வரவழைக்கலாம்.

அமண்டடினால் சிலருக்கு இரவுத் தூக்கம் கெடும் என்பதால் இரண்டாவது வேளையை மதியத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். இல்லாததைக் கண்டு பயப்படுவதுபோல் தெரிந்தாலோ, கால் வீங்கினாலோ, ஃபிட்ஸ் வந்தாலோ உடனே சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அதையும் மருத்துவர் அறிந்திருக்க வேண்டும்.

மாமனாரிடம் நான்கு வாரங்கள் பொறுக்கச் சொல்லுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் ஒரே நேரத்தில், ஒரே மூன்று காரியங்களை உங்கள் கணவரைச் செய்யச் சொல்லி, நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். எழுதும் பொறுப்பு மாமனாருடையதாகவே இருக்கட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். முடிந்தால் அதன் ஒரு பக்கத்தைப் படமெடுத்து எனக்கும் அனுப்புங்கள்.