பயத்தை அளக்கும் தாள்

அன்புள்ள ஐயா,

தனியார் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருந்துவிட்டு இப்போது எம்.எட். சேர்ந்திருக்கிறேன். கல்வி உளவியலில் ஆய்வு செய்ய ஆசை. கைடு தலைப்பே கொடுத்துவிட்டார்: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கணிதப் பதற்றமும் கல்வி அடைவும். இணையத்தில் ஒரு டூலை, அதாவது வினாத்தாளை, எடுத்து 300 பேரிடம் நிரப்பி வாங்கினால் போதும், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுத் தர ஆள் இருக்கிறார் என்கிறார்கள் சீனியர்கள். ஆய்வு முறையியல் தாள் மண்டையில் ஏறவே இல்லை. இன்மைக் கருதுகோள், மாதிரி எடுத்தல், நம்பகத்தன்மை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். இதற்கு என்ன புத்தகம் படிக்கலாம்? புள்ளியியல் எனக்கு வருமா? என் ஆங்கிலம் போதுமா? எண்களுக்குப் பதில் பேட்டியும் கவனிப்பும் வைத்துச் செய்யும் பண்புசார் ஆய்வு என்றால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மதிக்க மாட்டார்களாமே?

ம.

அன்புள்ள ம,

ஆங்கிலத்தைப் பற்றிய கவலையை விடுங்கள், படிக்கப் படிக்க வந்துவிடும். வைவாவில் யார் மதிப்பார்கள் என்பதை வைவாவுக்கு முந்தின நாள் யோசித்தால் போதும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த '300 பேரிடம் நிரப்பி வாங்கினால் போதும்' என்ற வரிதான்.

சமீபத்தில் நண்பரின் மகள் ஏறக்குறைய இதே ஆய்வுக்காக ஒரு பள்ளிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். சாப்பாட்டு மணிக்கு முந்தின பீரியடு. தாள்களை விநியோகித்தவர் அந்த வகுப்பின் கணக்கு ஆசிரியர். "பக்கத்துல பார்க்காம, யோசிச்சு டிக் பண்ணுங்க" என்றார். முதல் வாக்கியமே, 'கணக்கு ஆசிரியர் கேள்வி கேட்கும்போது என் கை நடுங்கும்.' அவரோ பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறார். ஜன்னலோரம் இருந்த பையன் எதையும் படிக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையாக டிக் போட்டுவிட்டுப் பேனாவை மூடினான். அவனுக்கு முன்னால் இருந்த பெண் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, "அக்கா, இதுல எது கரெக்ட் ஆன்சர்?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. பள்ளியில் அவளிடம் தரப்பட்ட ஒவ்வொரு தாளுக்கும் சரியான விடை என்று ஒன்று இருந்திருக்கிறது. இதற்கு மட்டும் கிடையாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, முழுக்க ஒப்புக்கொள்வது முதல் முழுக்க மறுப்பது வரை இருக்கும் இந்த ஐந்து கட்டங்களை 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் முன்வைத்தார். நல்ல கருவி, குறை சொல்லமாட்டேன். ஆனால் குழந்தை பெரியவர்கள் முன்னால் தரும் பதில், குழந்தையின் மனதில் இருப்பது, இவை இரண்டும் ஒன்றல்ல. இதை உங்கள் துறையே ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கண்டுகொண்டது. இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகளை வைத்து, குழந்தையின் கண்ணெதிரே ஒரு வரிசையை நீட்டி, "இப்போது எதில் அதிகம்?" என்று கேட்பது, குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ஸ்விஸ் உளவியலாளர் பியாஜேயின் சோதனை. சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் நீண்ட வரிசையைக் காட்டும். எண்ணிக்கை மாறாது என்பது அந்த வயதில் பிடிபடவில்லை என்று முடிவு கட்டினார்கள். 1970களில் ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். வரிசையைக் கலைத்தது பெரியவர் அல்ல, 'குறும்புக்கார' கரடி பொம்மை. அதே வயதுக் குழந்தைகளில் இப்போது மிக அதிகம் பேர் "ரெண்டும் சமம்" என்றார்கள். பெரியவர் தானே நகர்த்திவிட்டு மறுபடி கேட்டால், ஏதோ மாறியிருக்கிறது, வேறு பதிலை எதிர்பார்க்கிறார் என்றுதான் குழந்தை எடுத்துக்கொள்ளும். நம் வகுப்பறையில் டீச்சர் "சரியா?" என்று இரண்டாம் முறை கேட்டாலே பையன் பதிலை மாற்றிக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

யார் கேட்கிறார்கள், எங்கே நின்று கேட்கிறார்கள், முதலில் என்ன கேட்டார்கள், இதுதான் முறையியல். நீங்கள் மனப்பாடம் செய்வது அதன் கலைச்சொற்களை. பள்ளியில் பாடம் நடத்திய நீங்கள் அந்த வேலையைச் செய்வதில் எனக்கு வருத்தம் உண்டு, ம.

நம்பகத்தன்மையையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா தீசிஸிலும் குரோன்பாக் ஆல்ஃபா இத்தனை என்று ஒரு எண் இருக்கும். 1951இல் லீ குரோன்பாக் எழுதிய கட்டுரையால் அந்தப் பெயர். ஒருவருடைய பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அது சொல்லும். வாக்கியங்கள் எல்லாம் பயத்தின் பக்கமே சாய்ந்திருக்கிற தாளில் ஒருவன் முழுக்க முதல் கட்டத்திலும் இன்னொருவன் முழுக்கக் கடைசிக் கட்டத்திலும் டிக் போட்டால் ஆல்ஃபா ஏறத்தான் செய்யும். படிக்காமல் நிரப்பிய தாள்கள் உங்கள் டூலை 'நம்பகமானது' ஆக்கிவிடும். இதை எஸ்பிஎஸ்எஸ் போட்டுத் தருபவர் சொல்லமாட்டார். அவர் அந்த ஜன்னலோரப் பையனைப் பார்த்ததில்லை.

1920 வாக்கில் பாரிஸில் இளைஞர் பியாஜேயிடம் ஒரு வேலை தரப்பட்டது. சிரில் பர்ட் என்ற ஆங்கில உளவியலாளரின் தேர்வுகளைப் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு ஏற்பத் தரப்படுத்த வேண்டும். சரியான விடைகளை எண்ணிவிட்டு வந்திருக்கலாம். அவரோ தவறான விடை சொன்ன குழந்தைகளோடு உட்கார்ந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய வாழ்நாள் ஆய்வு அங்கேதான் தொடங்கியது. அதே பர்ட், பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டையரின் நுண்ணறிவு பற்றி 1955இல் 21 ஜோடிகளுக்குக் கொடுத்த ஒட்டுறவுக் கெழு (ஜோடியில் இருவரின் மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண்) 0.771. 1966இல் ஜோடிகள் 53 ஆன பிறகும் 0.771. மூன்றாம் தசமம்கூட அசையவில்லை. அவர் இறந்த பிறகு உளவியலாளர் லியான் கேமின் இதைச் சுட்டிக்காட்டினார். பர்ட்டுக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த எண்களை நம்பி இன்று யாரும் எதையும் கட்டுவதில்லை.

டூலைத் தொடுவதற்கு முன் ஐந்து பிள்ளைகளோடு உட்காருங்கள். ஸ்டாஃப் ரூமில் வேண்டாம், மரத்தடியில். கணக்கு ஆசிரியர் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்துக் காட்டி, "உனக்கு என்ன புரிஞ்சுது, உன் வார்த்தையில சொல்லு" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். பாதி வாக்கியங்கள் விழுந்துவிடும். மிச்சத்தை அவர்கள் பேச்சிலேயே திருத்துங்கள். கைடு கேட்டால் முன்னோட்ட ஆய்வு என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

புள்ளியியல் வரும். முப்பது பேருடைய மதிப்பெண்களுக்குச் சராசரியும், அதிலிருந்து அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கமும் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். இரண்டு சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம் தற்செயலானதா என்று பார்க்கும் டி-சோதனையே சின்ன மாதிரிகளுக்காக, டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த கோசெட் 1908இல் உண்டாக்கியது. உங்களால் முடியாத கணக்கு அதில் ஒன்றும் இல்லை. பணம் கொடுத்து மட்டும் போடாதீர்கள். நீங்கள் போடாத கணக்குக்கு வைவாவில் என்ன பதில் சொல்வீர்கள்?

புத்தகம் கேட்டிருந்தீர்கள். அதற்கு முன், கல்லூரி நூலகத்தில் பழைய தீசிஸ்கள் அடுக்கியிருப்பார்கள், உங்கள் தலைப்புக்குக் கிட்டத்தில் ஒன்றை எடுங்கள். முடிவுகளைப் பிறகு பார்க்கலாம். பின்னிணைப்பில் இருக்கும் வினாத்தாளை நகலெடுத்து, ஒன்பதாம் வகுப்பில் உங்களுக்குக் கணக்கு எடுத்தவரை நினைத்துக்கொண்டு நீங்களே நிரப்புங்கள். எந்த வாக்கியத்தில் பேனா நின்றது என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்துப் புத்தகம் சொல்கிறேன்.