கபடி ஆட்டத்துக்கு வேட்பாளர் தரும் கோப்பை: வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் கபடிக் குழு கோயில் கொடையை ஒட்டி வருடா வருடம் இரண்டு நாள் ஆட்டம் நடத்துகிறது. இந்த முறை தேர்தலும் அதே சமயத்தில் வரும்போலத் தெரிகிறது. கட்சிக்காரர் ஒருவர் முதல் பரிசு 30,000 ரூபாயும் கோப்பையும் எங்கள் பையன்களுக்கு ஜெர்ஸியும் தருகிறேன் என்கிறார். அவருக்கே சீட் கிடைக்கும் என்று பேச்சு. நோட்டீஸிலும் பிளக்ஸிலும் அவர் படம், கட்சித் தலைவர் படம் வேண்டுமாம். இன்னொரு நாள் திரை கட்டி ஐபிஎல் ஆட்டமும் போடலாம் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? வம்பு வந்தால் யார் தலையில் விழும்? (குழுச் செயலாளர், தென்காசி மாவட்டம்)

பதில்: முதலில் காலண்டரைக் கையில் எடுங்கள். ஒரே கோப்பைக்குத் தேதிக்குத் தேதி சட்டம் மாறும்.

தேர்தல் தேதி அறிவிக்கும்வரை அவர் கோப்பை கொடுப்பதைத் தேர்தல் விதி தடுக்காது. ஆட்டக் களத்தை அரசியல்வாதிகள் மொய்ப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே ஊர் ஊராகக் கிரிக்கெட் மட்டையும் பந்தும் வந்து இறங்குவது இதனால்தான். அறிவிப்பு வந்த நிமிடம் நடத்தை விதிகள் அமலாகும். அமைச்சரின் விருப்ப நிதியிலிருந்து உங்கள் மைதானத்துக்கு ஒரு ரூபாயும் ஒதுக்க முடியாது. ஆனால் வேட்பாளரின் செலவுக் கணக்கு அன்றைக்குத் தொடங்குவதில்லை. வேட்புமனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரைதான் அந்தக் கணக்கு. நடுவில் இருக்கும் அந்த வாரங்களில் 'இது கட்சிச் செலவு, என் செலவு இல்லை' என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அதே பிளக்ஸ் மனு தாக்கலுக்குப் பிறகும் தொங்கினால் கணக்கில் ஏறிவிடும்.

எப்படி ஏற்றுவார்கள் என்பதைச் சொல்கிறேன். வருவாய்த் துறையில் இருந்தபோது வீடியோ பார்வைக் குழுவில் உட்கார்ந்து இதே வேலையைப் பார்த்தவன் நான். கண்காணிப்புக் குழு எடுத்துவந்த படத்தை ஓடவிட்டு, நிறுத்தி, பிளாஸ்டிக் சேர்களை எண்ணுவோம். பந்தல் எத்தனை சதுர அடி, மைக் செட் எத்தனை, டியூப் லைட் எத்தனை, டீ எத்தனை பேருக்கு என்று குறிப்போம். மாவட்டத் தேர்தல் அலுவலர் கட்சிகளோடு பேசி வைத்த விலைப்பட்டியல் கையில் இருக்கும். பெருக்கி, வேட்பாளர் காட்டும் கணக்கோடு ஒப்பிட அதிகாரிகள் தனியாக வைத்திருக்கும் நிழல் பதிவேட்டில் எழுதுவோம். மேடையில் அவர் படமோ கட்சிக் கொடியோ இருந்தால், 'இது கொடை விழா ஆட்டம்' என்ற வாதம் அங்கே எடுபடாது. சட்டமன்றத் தொகுதிக்குத் தமிழ்நாட்டில் வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். உங்கள் இரண்டு நாள் செலவு மொத்தமும் அவர் தலையில் ஏறும் என்று சொல்லிப் பாருங்கள், படம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர் தானே இறங்கிவருவார்.

ஜெர்ஸியில்தான் நீங்கள் ஏமாறக்கூடும். தொப்பி, துண்டு, முகமூடி போன்றவற்றைக் கணக்கில் காட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்கிறது தேர்தல் ஆணையம். சேலை, சட்டை போன்ற உடைகளைக் கொடுத்தால் வாக்காளருக்குக் கொடுத்த லஞ்சமாகக் கொள்ள இடமுண்டு. ஜெர்ஸியும் சட்டைதானே. பத்துப் பன்னிரண்டு பையன்களும் வாக்காளர்கள் என்றால் அதிகாரி வேறு எப்படிப் பார்ப்பார்? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், இப்படித் தேர்தல் லஞ்சம் கொடுப்பதற்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. ஓட்டுக்காக என்று தெரிந்து வாங்குவதும் குற்றமே. சாப்பாடு, குடி, கேளிக்கை என்று உபசரித்தால் அபராதம் மட்டும். ஆட்டமும் கேளிக்கைக்குள் அடங்கும் என்று ஒருவர் வாதிட்டால் மறுப்பது கஷ்டம்.

உங்கள் தலையில் நேராக விழக்கூடியவை இரண்டு. அவர் எழுத்தில் அனுமதி தராமலே, அன்பு மிகுதியில் குழுப் பணத்திலிருந்து அவருக்கு பிளக்ஸ் அடித்து ஆதரவு தேடினால் 10,000 ரூபாய் வரை அபராதம். நோட்டீஸில் 'வெற்றி வேட்பாளர்' என்ற வாசகம் வந்துவிட்டால் அது தேர்தல் துண்டறிக்கை. அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர், முகவரி இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. வெளியிடுபவர் என்று உங்கள் பெயர்தானே இருக்கும்?

அனுமதி விஷயத்தில் தாமதிக்காதீர்கள். தேர்தல் நேரத்தில் பந்தோபஸ்துக்கு ஆள் இல்லை என்று காவல் நிலையத்தில் கைவிரிப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. 2009-ல் மக்களவைத் தேர்தலோடு மோதியதால் ஐபிஎல் தொடரே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. 2014-ல் முதல் 20 ஆட்டங்கள் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தன. தென் மாவட்டங்களில் கபடிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும் குழுக்கள் ஏராளம். அங்கே வழக்கமாக விதிக்கும் நிபந்தனைகளில் ஒன்று, அரசியல், சாதித் தலைவர்களின் படமோ சின்னமோ பிளக்ஸிலும் ஆடுபவர்களின் உடையிலும் இருக்கக் கூடாது என்பது. மனுவிலேயே இதை நீங்களாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். மைக் இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும். நம் ஊர் இறுதி ஆட்டம் எந்தக் காலத்தில் 10 மணிக்குள் முடிந்தது என்று சிரிப்பீர்கள். அதனால்தான் ஆட்டத்தைப் பிற்பகலிலேயே தொடங்கச் சொல்கிறேன்.

திரை கட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில், கூட்டம் சேர்ப்பதற்காகக் கேளிக்கை வைத்து அதில் பிரசாரம் செய்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126-ம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை. அந்த 48 மணி நேரத்துக்கு முன்னால் என்றாலும், ஓவருக்கு ஓவர் நடுவில் அவர் மைக்கைப் பிடிக்காமல் இருப்பார் என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா? கூட்டத்தில் ஒருவர் தேர்தல் ஆணையத்தின் புகார் செயலியான சி-விஜிலில் படம் எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுப்பதாகத்தான் ஆணையம் சொல்கிறது. உங்கள் அரையிறுதி முடிவதற்குள் பறக்கும் படை வந்து நிற்கும்.

அவர் பணம் வேண்டவே வேண்டாமா என்றால், அறிவிப்புக்கு முன்பே தந்தால் ரசீது போட்டு, குழுவின் வங்கிக் கணக்கில் வாங்குங்கள். படம், பெயர், கோப்பையில் பொறிப்பு எதுவும் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படியும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். அறிவிப்பு வந்துவிட்டால் ஊர் வரியோடு நிறுத்திக்கொண்டு, பரிசை 15,000 ஆக்குங்கள். கோப்பையை எடுத்துக் கொடுக்க உங்கள் பள்ளியில் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் யாராவது இருப்பார்.