நீங்க ரசிச்சுப் படிச்ச புத்தகத்த மத்தவங்களையும் படிக்க வைக்கிறது எப்படி? சமீபத்துல படிச்சதுல எதைச் சொல்லுவீங்க?

"நல்ல புக்னு நாலு பேர்ட்ட சொல்றேன், ஒருத்தர் கூட படிக்க மாட்டேங்குறாங்க"ன்னு கேள்விக்குக் கீழ எழுதிருக்கீங்க, அதப் படிச்சிட்டு சும்மா போக மனசு வரல. நீங்க அனேகமா படிச்சு முடிச்ச சந்தோஷத்துல அட்டைய ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வச்சு 'கண்டிப்பா படிங்க'ன்னு போட்டிருப்பீங்க. பாக்குறவங்க ஒரு ஹார்ட் போட்டுட்டு அடுத்த ஸ்டேட்டஸுக்குப் போயிருவாங்க. ஊருக்கே பொதுவா சொன்னா அது யார் காதுலயும் ஏறாதுங்க. ஆளப் பாத்துத்தான் சொல்லணும். முதல்ல ஆளு, அப்புறம்தான் புக்கு.

நான் சிவகாசில ஒரு ப்ரெஸ்ல பில்லிங் பாக்குறேன். தை பிறந்தாத்தான் எங்களுக்கு காலண்டர் வேலை ஓஞ்சு மூச்சு விட முடியும், வருசத்துல நான் உருப்படியா படிக்கிறது அப்பத்தான். அப்படி சோ. தர்மன் எழுதுன சூல் படிச்சேன். 2019ல சாகித்ய அகாடமி விருது வாங்குன நாவல். கோவில்பட்டிப் பக்கம் உருளைக்குடிங்கிற ஊரு, அந்த ஊரு கண்மாய் (ஏரிதாங்க, எங்க பக்கம் கண்மாய்னுதான் சொல்லுவோம்), அத நம்பிப் பொழைக்கிற சனம், இவ்வளவுதான் கதை. எட்டயபுரம் ஜமீன் காலத்துல இருந்து சுதந்திரத்துக்கு அப்புறம் கண்மாய்ங்க சர்க்கார் கைக்குப் போயி சீரழியிற வரைக்கும் போகும்.

படிச்சிட்டு இருக்கும்போதே எனக்கு எங்க பெரியப்பா ஞாபகம்தான். அவரு அஞ்சாவது வரைக்கும் படிச்சவரு, சாத்தூர் பக்கத்துல வெவசாயம் பாக்குறவரு, தினத்தந்தி தவிர வேற எதையும் கையில எடுத்து நான் பாத்ததில்ல. அவருகிட்ட போயி "பெரியப்பா இது அருமையான நாவல், படிங்க"ன்னு சொன்னா என்ன சொல்லுவாரு? "உனக்கென்ன தாயி, ஃபேனுக்குக் கீழ உக்காந்து படிப்ப"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.

அதனால நான் நாவல்னே சொல்லல. அடுத்து ஊருக்குப் போனப்ப திண்ணையில உக்காந்து வெத்தல இடிச்சிட்டு இருந்தாரு, பக்கத்துல உக்காந்து கண்மாய் வேலை நடக்குற இடமா பாத்து ரெண்டு பக்கம் சத்தமா வாசிச்சேன். இடிக்கிற சத்தம் நின்னுருச்சு. "இரு, அதத் திருப்பி வாசி"ன்னாரு. வாசிச்சேன். "இது யாரு எழுதுனது, எந்த ஊர்க்காரரு"ன்னு கேட்டாரு. உருளைக்குடிக்காரருன்னு சொன்னதும் கண்ணாடிய எடுத்துட்டு வரச் சொன்னாரு, அந்தக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காது கிடையாது, நூல் கட்டித்தான் மாட்டுவாரு. விரல வரிக்குக் கீழ வச்சு, உதட்ட அசைச்சு அசைச்சு படிக்க ஆரம்பிச்சாரு. பக்க அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டு.

நான் சிவகாசிக்குத் திரும்பி வந்த பிறகு சாயங்காலம் ஆனா ஃபோன் வரும். புக்கப் பத்தி கொஞ்சம், எங்க ஊரு கண்மாயப் பத்தி மிச்சம். கோடையில தண்ணி வத்துனதும் ஊரே வண்டி கட்டி கண்மாயில கரம்பை, அதான் அடியில படிஞ்ச வண்டல் மண்ண அள்ளி நிலத்துல அடிக்குமாம், நிலத்துக்கு உரமும் ஆச்சு கண்மாய் தூர்ந்து போகாமயும் இருந்துச்சு. மடைய எப்பத் தெறக்குறது, எந்த வயலுக்கு முதல் தண்ணி, கடைமடைக்காரனுக்கு எப்படித் தண்ணி போய்ச் சேரும்னு எல்லாத்தையும் பாத்துக்க நீர்பாய்ச்சின்னு ஒருத்தர் இருந்தாராம், அவருக்குக் களத்துலயே நெல்லு அளந்து குடுப்பாங்களாம். கண்மாய் நெறஞ்சு கலுங்கு வழியா மிச்சத் தண்ணி மறுகால் பாஞ்சா சின்னப் பயலுக எல்லாம் மீனுக்கு துண்டோட நிப்பாங்களாம். இப்ப அங்க வேலிக்கருவ மரம் மட்டும்தான் நிக்குது. இத்தன வருசத்துல இதுல ஒண்ணு கூட எங்ககிட்ட அவரு சொன்னதில்ல. நாங்களும் கேட்டதில்ல. ஒரு புக்கு அந்த வாயத் தெறந்து விட்டுச்சுன்னா நான் சும்மா இருப்பேனா, பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டுத்தான் திரியிறேன்.

படிச்சு முடிச்சிட்டு டீக்கடைக்காரருக்குக் குடுத்துட்டாரு. அங்கிருந்து இன்னொருத்தர். என் காப்பி இப்ப யார் வீட்ல இருக்குன்னு தெரியல, வேணும்னா நான் வேற வாங்கிக்கிறேன். "இவரு எழுதுனது வேற இருக்கா தாயி"ன்னு கேட்டாரு, தூர்வையும் கூகையும் வாங்கிக் குடுத்திருக்கேன்.

'விருது வாங்குன புக்கா பாத்துப் பீத்திக்கிறா'ன்னு இங்க யாராவது வருவீங்க. எங்க பெரியப்பாவுக்கு விருதுன்னா என்னன்னே தெரியாதுங்க, அவரு கண்மாய்க்காகத்தான் படிச்சாரு. 'நாவல் படிச்சு என்ன ஆகப் போகுது, வேலைக்கு ஆகுற புக்கா சொல்லு'ன்னு சொல்றவங்களுக்கு என்கிட்ட பதில் கிடையாது, உங்களுக்கு வேற யாராவது சொல்லுவாங்க.

இமையம் எழுதுன 'செல்லாத பணம்' நாவலும் போன வருசம் படிச்சேன். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி தீக்காய வார்டுக்கு வெளிய, காதல் கல்யாணம் பண்ணிட்டுப் போன மகளுக்காகக் காத்துக் கெடக்குற குடும்பம். அப்பன்கிட்ட பணம் இருக்கு, ஆனா அந்த எடத்துல பணத்தால ஒண்ணும் ஆகல. ராத்திரி தூங்க முடியாம எந்திரிச்சு உக்காந்துட்டேன். ஆனா அத நான் எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். வீட்ல அப்படி ஒண்ணு நடந்தவங்க, ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சிட்டு இருக்குறவங்ககிட்ட நீட்டாதீங்க. மக காதல் கல்யாணம் பண்ணிட்டான்னு பேசாம இருக்குற அப்பா அம்மா யாராவது உங்களுக்குப் பழக்கம்னா அவங்களுக்குக் குடுங்க.

அப்புறம் இந்த பிடிஎஃப். புக் பேர சொன்ன அடுத்த நிமிசம் "பிடிஎஃப் இருக்கா"ன்னு வந்து நிக்கிறாங்க, எனக்கு அதுல வர்ற கோவம் கொஞ்சம் நஞ்சம் இல்ல. பொன்னியின் செல்வன் கேட்டீங்கன்னா தாராளமா அனுப்புறேன், கல்கி எழுத்து நாட்டுடைமை ஆனது, யாரு வேணா படிக்கலாம். உயிரோட இருக்குற எழுத்தாளர் புக்க ஸ்கேன் பண்ணி குரூப்ல போடுறது வேற. பேப்பர் விலை, பைண்டிங் கூலி எல்லாம் தினமும் பில்லுல பாக்குறவ நான், அது யார் வயித்துல அடிக்குதுன்னு எனக்குத் தெரியும். காசு இல்லன்னா நூலகத்துல கேளுங்க, என்கிட்ட கேளுங்க, நான் தர்றேன்.

      

இப்ப பூமணி எழுதுன 'அஞ்ஞாடி' நாவல் ஓடிட்டு இருக்கு. ஆயிரம் பக்கத்துக்கு மேல, மடியில வச்சுப் படிச்சா தொடை வலிக்குது. கழுகுமலையில 1895ல நடந்த கலவரம், 1899ல எங்க சிவகாசியில நடந்த கலவரம் எல்லாம் அதுல வருது. இத யாருக்குக் குடுக்குறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் யாராவது பொறுமையா படிப்பேன்னு சொன்னா கமெண்ட்ல வாங்க, முடிச்சதும் கொண்டாந்து தர்றேன், தபால் செலவு மிச்சம்.