சால்டரிங் மேசைக்கு எந்த லென்ஸ்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) வைத்திருக்கிறேன். அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டு சால்டரிங் செய்ய வரவில்லையே?

வராது. பத்து மடங்கு லென்ஸுக்குக் குவியத் தொலைவே சுமார் 25 மில்லிமீட்டர்தான். ஓர் அங்குல இடைவெளிக்குள் 350 டிகிரி சூட்டில் இருக்கும் அயர்ன் முனையையும் ஈயக் கம்பியையும் எப்படி நுழைப்பது? ஈயம் நன்றாக ஒட்டச் சேர்க்கும் ஃப்ளக்ஸின் புகையும் நேராக முகத்தில் ஏறும். வேலை முடிந்தபின் ஜாயிண்டைச் சோதிக்க அந்த லூப் அருமையானது, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் வாங்கும்போது எத்தனை மடங்கு என்று கேட்பதற்கு முன், எவ்வளவு தூரத்தில் தெளிவாகத் தெரியும் என்று கேளுங்கள்.

ஐயா, எனக்கு வயது 52. ஹாம் ரேடியோ கிட்களில் 0805 ரெசிஸ்டர் ஒட்ட வேண்டும். மைக்ராஸ்கோப் தேவையா?

தேவையில்லை. 0805 என்பது பாகத்தின் அளவைச் சொல்லும் குறியீடு: 2 மில்லிமீட்டர் நீளம், 1.25 மில்லிமீட்டர் அகலம். முதலில் உங்கள் படிக்கும் கண்ணாடியின் பவர் சரியா என்று பாருங்கள். நாற்பதைத் தாண்டினால் அருகில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயல்பு. அதன்மேல் தலையில் மாட்டும் ஹெட்பேண்ட் லென்ஸ் போதும். இரண்டு கைக்கும் வேலை கொடுக்கலாம். இரு கண்ணாலும் பார்ப்பதால் முனை போர்டைத் தொட்டதா, மேலே நிற்கிறதா என்பதும் புரியும். 1.75 மடங்கு என்றால் ஏறக்குறைய 35 சென்டிமீட்டரிலும், 2.5 மடங்கு என்றால் 20 சென்டிமீட்டரிலும் தெளிவாகத் தெரியும். 3.5 மடங்குக்குப் போனால் 10 சென்டிமீட்டர்தான் மிஞ்சும், கழுத்து வலிக்கும். உங்களுக்கு நடுவில் உள்ளதே சரி.

8 டயாப்டர் மேசை விளக்கு எட்டு மடங்கு பெரிதாக்குமா?

இல்லை. டயாப்டர் என்பது லென்ஸின் பவரை அளக்கும் அலகு, மடங்கு அல்ல. அதை நான்கால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள்: மூன்று மடங்கு. அப்புறம், வேலை இல்லாதபோது லென்ஸை மூடி வையுங்கள். ஜன்னல் வெயில் அதன் வழியே குவிந்தால் மேசையில் தீப்பிடிக்கலாம்.

செல்போன் சர்வீஸ் கடை தொடங்குகிறேன். திரையில் காட்டும் யுஎஸ்பி மைக்ராஸ்கோப் விலை குறைவு. அதை வாங்கலாமா?

பார்ப்பதற்கு வாங்கலாம். வாடிக்கையாளருக்குத் துரு பிடித்த இடத்தைக் காட்டவும் உதவும். ஆனால் தினமும் அதை நம்பி ஒட்ட வேண்டாம். திரையில் ஆழம் தெரியாது. மலிவான மாடல்களில் கை அசைந்து கொஞ்சம் கழித்துத்தான் படம் அசையும். 0.6 மில்லிமீட்டர் நீளமுள்ள 0201 பாகத்தை ட்வீசரில் பிடித்து வைக்கும்போது அந்தத் தாமதம் பக்கத்துப் பாகத்தையும் தள்ளிவிடும்.

கொஞ்சம் பொறுத்தாவது இரு கண்ணாலும் பார்த்து ஆழம் உணரக்கூடிய ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் வாங்குங்கள். 7 முதல் 45 மடங்கு ஜூம் உள்ள வகையே இந்தத் தொழிலுக்குப் பொருத்தம். அதில் வேலைத் தூரம், அதாவது லென்ஸுக்கும் போர்டுக்கும் உள்ள இடைவெளி, 10 சென்டிமீட்டர் அளவுதான். பார்லோ எனப்படும் 0.5 மடங்கு துணை லென்ஸைக் கீழே திருகினால் பெருக்கம் 3.5 முதல் 22.5 ஆகக் குறையும், தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், பார்வைப் பரப்பும் விரியும். அயர்னுக்கும் ஹாட் ஏர் கன்னுக்கும் இடம் கிடைக்கும். ஃப்ளக்ஸ் புகையும் பார்லோவில்தான் படியும், உள்ளிருக்கும் விலை உயர்ந்த லென்ஸ் தப்பிக்கும். பார்லோ இல்லாமல் வாங்காதீர்கள். கேமராவும் வேண்டுமென்றால் மூன்றாவது குழாய் உள்ள மாடலைக் கேளுங்கள்.

லென்ஸைச் சுற்றி மாட்டும் ரிங் லைட் போட்டால் ஈயம் பளபளத்து ஒன்றும் தெரியவில்லை.

வெளிச்சத்தைக் குறையுங்கள். விளக்கின்மேல் வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளை டிஃப்யூசர் தாள் ஒட்டுங்கள். ஐசி கால்களுக்கிடையே ஷார்ட் தேடும்போது ரிங் லைட்டை அணைத்துவிட்டு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் விழும் இடத்தில் ஈயப் பாலம் தனியாகத் தெரியும்.